மூன்றாம் கோடை வரை

தமிழ்நாட்டில் மரம் நடுவதைப் பற்றிப் பேசும் இடத்திலெல்லாம் 33 என்ற எண் வந்துவிடுகிறது. 2022 செப்டம்பர் 24 அன்று வண்டலூரில் தொடங்கிவைக்கப்பட்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் குறிக்கோள் அது. ஏறத்தாழ 24 விழுக்காடாக இருக்கும் காடு, மரப் பரப்பைப் பத்தாண்டுகளில் 33 விழுக்காட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாநிலத்தின் மொத்தப் பரப்பு சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர். அதில் 9 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 12,000 சதுர கிலோமீட்டர், அதாவது சென்னை மாநகராட்சியைப் போல 28 மடங்கு. அவ்வளவு வெற்றிடம் வனத்துறையின் கையில் இல்லை. ஏரிக்கரை, சாலையோரம், பள்ளி வளாகம் என்று எல்லாவற்றையும் கூட்டினாலும் அந்தக் கணக்கு நிரம்பாது. மிச்சம் முழுவதும் பட்டா நிலத்தில்தான் முளைக்க வேண்டும்: வயல் வரப்பிலும், மானாவாரிப் புஞ்சையிலும், வீட்டுக் கொல்லையிலும்.

அந்த நிலத்துக்காரருக்கு மிக அருகில் இருக்கும் அரசு ஊராட்சி. நகரமென்றால் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. 1992இல் நிறைவேறிய அரசியல் சட்டத் திருத்தங்கள் இந்தப் பொறுப்பைப் பெயர் சொல்லியே ஒப்படைத்திருக்கின்றன. பதினொன்றாம் அட்டவணையின் ஆறாவது இனம் ஊராட்சிகளுக்குச் சமூகக் காடும் பண்ணைக் காடும் தருகிறது. பன்னிரண்டாம் அட்டவணையின் எட்டாவது இனம் நகர அமைப்புகளுக்கு நகர்ப்புறக் காடு வளர்ப்பைத் தருகிறது. அப்படியிருந்தும் தனியார் நிலத்தில் மரம் வளர்ப்பது என்றாலே நாம் வனத்துறையையோ வேளாண் துறையையோதான் நினைக்கிறோம். உள்ளாட்சியின் பங்கு, ஒரு விழா நாளில் கன்று வழங்குவதோடு நின்றுவிடுகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலை முழுவதிலும் கன்று கொடுப்பதுதான் சுலபமான, மலிவான பகுதி. உதவி என்பது மூன்றாம் கோடை வரை அந்தக் கன்றோடு கூடப் போக வேண்டும். அதற்குப் பிறகு அந்த மரம் யாருடையது என்பதில் நிலத்துக்காரருக்கு ஐயமே இருக்கக் கூடாது. இந்த இரண்டும் இருந்த இடங்களில் மரம் நின்றிருக்கிறது.

நாள்காட்டியிலிருந்து தொடங்குகிறேன்; பெரும்பாலான கன்றுகள் சாவது அங்கேதான். கன்று வழங்கும் விழாக்கள் ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளன்றோ, 1950இல் கே.எம். முன்ஷி தொடங்கிய வன மகோத்சவம் வரும் ஜூலை முதல் வாரத்திலோ நடக்கின்றன. தென்மேற்குப் பருவமழை பெய்யும் நாட்டுக்கு அது பொருத்தமான காலம். நீலகிரி, கன்னியாகுமரி, தென்காசி போன்ற பகுதிகளுக்கும் சரிவரும். ஆனால் தஞ்சாவூர், கடலூர், இராமநாதபுரம் போன்ற கிழக்குச் சமவெளிகளுக்கு நின்று பெய்யும் மழை ஐப்பசி, கார்த்திகையில்தான் வருகிறது. ஜூனில் அங்கே நட்ட கன்று வேர் பிடிக்கும் முன்பே காற்றிலும் வெயிலிலும் மாட்டிக்கொள்கிறது. அதே கன்றைப் புரட்டாசிக் கடைசியில் நட்டால் இரண்டு மூன்று மாத ஈரம் கிடைக்கும். தை பிறப்பதற்குள் வேர் ஓரளவு கீழே போய்விடும். பிறகு வரும் கோடையில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் அதைக் காப்பாற்றிவிடும்.

விதையின் காலம் இன்னும் கறாரானது. வேப்பம்பழம் ஆனி, ஆடியில் உதிர்கிறது. அந்த விதையின் முளைப்புத்திறன் சில வாரங்களில் போய்விடும். நாவலும் இலுப்பையும் அப்படியே. பொறுக்கிய விதையைச் சில நாட்களுக்குள் நாற்றங்காலில் போட்டாக வேண்டும். நிதி ஒதுக்கீடு, ஒப்பந்தப்புள்ளி, ஒப்புதல் என்று கோப்பு நகர்ந்து முடிவதற்குள் அந்த விதைகள் செத்திருக்கும். கெட்டியான ஓடு கொண்ட விதைகளோ மூட்டையில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். வாகையும் சரக்கொன்றையும் அந்த வகை. குல்மோஹரும் தூங்குமூஞ்சியும் அந்த வகையேதான். நம் நாற்றங்கால்களில் எந்த மரங்கள் மலிந்திருக்கின்றன, எவை கேட்டாலும் கிடைப்பதில்லை என்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். மரம் பற்றிய அறியாமையைக் குறைசொல்வதற்கு முன்பு கோப்பின் வேகத்தைப் பார்க்க வேண்டும்.

இனி அந்தப் பிளாஸ்டிக் பை. ஒரு நாவல் கன்றைச் சிறிய பையில் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வைத்திருந்தால் ஆணிவேர் அடியைத் தொட்டதும் திரும்பிவிடும். பையைக் கிழித்துப் பார்த்தால் மண்கட்டியின் அடியில் வேர் வட்டமாகச் சுருண்டு கிடப்பது தெரியும். மேலே கன்று மூன்றடி உயரம், பளபளப்பான இலை; வாங்குபவர் அதைத்தான் கேட்டு வாங்குகிறார். அந்தச் சுருளை வெட்டாமல் அப்படியே குழியில் இறக்கினால் வேர் அதே வட்டத்திலேயே தடித்துக்கொண்டு போகும். பத்தாவது ஆண்டில் ஒரு காற்றுக்குச் சாயும்போது, நாவல் பலமில்லாத மரம் என்று பேர் வாங்கும். முக்கால் அடிக் கன்றாக, புது வேரோடு போனால் அது முந்திவிடும். பையின் அடியை ஒரு விரற்கடை அறுத்துவிட்டு நடச் சொல்லித்தர ஊராட்சிக்கு எந்தச் செலவும் இல்லை. சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். கன்றுக்கு நிதி ஒதுக்கும் திட்டங்கள் பெரும்பாலும் இந்த ஆளை மறந்துவிடுகின்றன.

எந்த மரம் என்ற கேள்விக்கு மாநிலம் முழுவதற்கும் ஒரே பட்டியல் போட முடியாது. ஆற்றோரத்துக்கு நீர்மருது, கடலோரத்துக்குப் புன்னையும் பூவரசும், வறண்ட சீமைக்கு வன்னியும் உடையும், செம்மண் மேட்டுக்கு உசிலையும் வெட்பாலையும். சோழமண்டலக் கடற்கரையில் ஒரு காலத்தில் பரவியிருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களான வீரை, காயா, உலக்கைப்பாலை போன்றவற்றை இன்று மரக்காணத்தை அடுத்த புத்துப்பட்டு போன்ற கோயில்காடுகளில்தான் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1968இல் தொடங்கிய ஆரோவில், செம்மண் அரித்துப்போன மேட்டில் அந்த மரங்களை மறுபடி வளர்க்க முடியும் என்று காட்டியிருக்கிறது. ஓர் ஊராட்சி தன் எல்லைக்குள்ளோ பக்கத்து ஊரிலோ இருக்கும் கோயில்காட்டையே விதைக் களமாகக் கொள்ளலாம். அந்த மண்ணுக்கும் மழைக்கும் பழகிய விதை அங்கே உதிர்ந்து கிடக்கிறது.

புளி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, அதனால் அது நாட்டு மரம் ஆகாது என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். தாவரவியலில் அது சரி. ஆனால் பல நூற்றாண்டாக இங்கே நிழலும் பழமும் தந்து, தானும் அடங்கி வளர்ந்த மரத்தை யாராவது தன் நிலத்தில் நட விரும்பினால் நான் தடுக்க மாட்டேன். தடுக்க வேண்டியவை வேறு. சீமைக்கருவேலம் நம் கண்மாய்களை என்ன செய்தது என்பதை எல்லாரும் அறிவோம். கோனோகார்ப்பஸை நகரங்களில் வரிசையாக நட்ட குஜராத் அரசு 2023இல் அதை நடுவதற்கே தடை போட்டது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. சாலைகளை அடைத்துக் கிடந்தவற்றில் குல்மோஹரும் தூங்குமூஞ்சியும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. இதில் குற்றம் முழுவதும் இனத்தின் மீது இல்லை. கேபிளுக்கும் வடிகாலுக்கும் வேரை வெட்டி, அடிமரம் வரை சிமெண்ட் பூசினால் வேம்புகூட நிற்காது. வீட்டுக் கொல்லையில் அந்தக் கொடுமை குறைவு. நகரத்தில்கூடத் தனியார் நிலம் முக்கியமாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது கடினமான கேள்விக்கு வருகிறேன். நட்டவருக்கு அந்த மரம் சொந்தமா?

சந்தனத்தின் கதை எல்லாருக்கும் பாடமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2002இல் சட்டம் திருத்தப்படும் வரை, ஒருவருடைய பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தன மரத்தின் மீது அவருக்கு உரிமை இல்லை. காவல் பொறுப்பு மட்டும் இருந்தது. அதனால் முளையிலேயே பிடுங்கிப் போட்டவர்கள் எத்தனையோ பேர். காப்பதற்காகப் போட்ட சட்டம் மரத்தை நிலத்துக்காரரின் பகையாக்கியது. உரிமை திருப்பித் தரப்பட்ட பிறகும் வெட்ட, விற்க வனத்துறை வழியாகத்தான் போக வேண்டும். ஈட்டிக்கு 1994இல் தனிச்சட்டம் வந்தது. மலைப்பகுதி மரங்களுக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் உண்டு. ஆனால் ஒரு சிறு விவசாயியின் காதில் இவையெல்லாம் சேர்ந்து ஒரே செய்தியாக விழுகின்றன: நாட்டு மரம் வைத்தால் பிறகு பெர்மிட்டுக்கு அலைய வேண்டும்; சவுக்கோ தைலமோ வைத்தால் வியாபாரியே வந்து வெட்டி எடுத்துக்கொண்டு பணம் தருவான். அவர் சவுக்கை வைப்பதில் வியப்பில்லை. வேளாண் நிலத்து மரங்களை வெட்டுவதற்கான மாதிரி விதிகளை ஒன்றிய அரசு 2025 ஜூனில் வெளியிட்டிருக்கிறது. அவை ஊர் மட்டத்துக்கு வந்து சேரும்போதுதான் அவற்றின் பயன் தெரியும்.

நம்மிடம் இதற்குப் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. புறம்போக்கில் நிற்கும் புளி, பனை போன்ற மரங்களின் பலனை அனுபவிக்கத் தனிநபருக்குத் தரப்படும் 2சி பட்டா அது. நிலம் அரசுடையது, மரத்தின் பலன் வளர்ப்பவருடையது என்று நிலத்தையும் மரத்தையும் தனித்தனியாக எழுதிவைக்க நம் வருவாய்த் துறைக்குத் தெரியும். பட்டா நிலத்து மரத்துக்கு நட்ட நாளிலேயே ஒரு பதிவு போட்டு, இது இவர் நட்டது என்று ஊராட்சி முத்திரையோடு சீட்டுக் கொடுப்பது அதைவிடச் சிக்கலான வேலை அல்ல.

இந்த இடத்தில் கூடலூருக்கு அப்பால், வயநாட்டின் மீனங்காடி ஊராட்சியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். தனியார் நில மரத்துக்கு ஓர் ஊராட்சி என்ன செய்ய முடியும் என்பதற்கு இந்தியாவில் எனக்குத் தெரிந்த சிறந்த எடுத்துக்காட்டு அதுதான். 2016இல், அப்போது கேரள நிதியமைச்சராக இருந்த தாமஸ் ஐசக்கின் ஊக்கத்தோடு, கார்பன் சமநிலை ஊராட்சி என்ற திட்டம் அங்கே தொடங்கியது. அதன் ஒரு கிளை மர வங்கி. விவசாயி தன் நிலத்தில் வளர்க்கும் மரத்துக்கு ஓர் எண் தரப்படுகிறது; அது நிற்கும் இடம் செயற்கைக்கோள் குறியீட்டோடு பதிவாகிறது. அந்த மரத்தையே ஈடாகக் கொண்டு, கூட்டுறவு வங்கி ஆண்டுக்கு 50 ரூபாய் வீதம் பத்தாண்டுகள் கடன் தருகிறது. மரம் நிற்கும் வரை கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. வெட்டினால் கட்ட வேண்டும். இதற்கு மாநில அரசு 10 கோடி ரூபாய் ஒதுக்கியது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 கோடிக்கு 7 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 70 லட்சம். மரத்துக்கு 50 ரூபாய் என்றால் 1,40,000 மரங்களுக்கு அது போதும். முதல் அப்படியே இருக்கும். நூறு மரம் வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். பள்ளிக் கட்டணம் கட்ட ஒரு மரத்தை விற்றுவிடலாம் என்று தோன்றும் ஜூன் மாதத்தில் கையைத் தடுக்க அது பயன்படும். லட்சக்கணக்கில் விலைபோகும் முதிர்ந்த ஈட்டியை 50 ரூபாயால் காப்பாற்ற முடியாது, இளமரத்தை முடியும். இந்தத் திட்டத்தில் என்னைக் கவர்வது வேறொன்று. பணம் நடும் நாளுக்குத் தரப்படவில்லை. மரம் நிற்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் தரப்படுகிறது. மரம் விவசாயியின் சொத்து என்பதை வங்கியே ஈடாக ஏற்று ஒப்புக்கொள்கிறது. வெட்டும் உரிமையும் அவரிடமே இருக்கிறது.

அதே மாவட்டத்தில், மீனங்காடிக்கு அருகிலுள்ள முட்டில் எதிர்ப்பாடம் சொன்னது. அரசு ஒதுக்கிக் கொடுத்த பட்டா நிலங்களில் விவசாயிகள் நட்டவையோ தாமாக முளைத்தவையோ ஆன மரங்களை அவர்களே வெட்டிக்கொள்ளலாம் என்று 2020 அக்டோபரில் கேரள வருவாய்த் துறை ஓர் ஆணை போட்டது. அதைச் சாக்காக வைத்து, அரசுக்கு உரியவை என்று ஒதுக்கப்பட்டிருந்த பழைய ஈட்டி மரங்கள் நூற்றுக்கு மேல் முட்டிலில் வெட்டப்பட்டன. 2021 பிப்ரவரியில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஜூன் மாதம் அது பெரிய வழக்காக வெடித்தது. எந்த மரம் எப்போது முளைத்தது, யார் நட்டது என்ற பதிவு மரத்துக்கு மரம் இருந்திருந்தால் அந்த ஆணை விவசாயிக்கு உதவியிருக்கும், ஈட்டியும் தப்பியிருக்கும்.

இராஜஸ்தானின் பிப்லாந்திரி ஊராட்சியில், ஷியாம் சுந்தர் பாலிவால் தலைவராக இருந்தபோது தொடங்கிய வழக்கம் புகழ்பெற்றது. பெண் குழந்தை பிறந்தால் 111 மரம். ஆனால் அவை ஊராட்சியின் மேய்ச்சல் நிலத்தில் நடப்பட்டவை. பொது நிலத்தில் ஊர் கூடிக் காப்பது ஒரு வழி. தனியார் நிலத்துக்கு அதை அப்படியே எடுத்துவர முடியாது.

தமிழ்நாட்டில் மீனங்காடிக்கு அருகில் வரும் திட்டம் வேளாண் துறையின் நீடித்த பசுமைப் போர்வைக்கான இயக்கம். உழவன் செயலியில் பதிந்தால் கன்று இலவசம். வரப்பில் நட ஏக்கருக்கு 50, வயல் முழுவதும் நட 160. இரண்டாம் ஆண்டிலிருந்து நான்காம் ஆண்டு வரை, பராமரிப்பு ஊக்கத்தொகையாகக் கன்றுக்கு ஆண்டுக்கு 7 ரூபாய். பராமரிப்புக்குப் பணம் என்ற கொள்கை இங்கே வந்துவிட்டது, அதை மனமாரப் பாராட்டுகிறேன். தொகைதான் குறைவு. மூன்றாண்டுக்கும் சேர்த்து 21 ரூபாய் என்பது ஆடு கடிக்காமல் ஒரு முள்கூண்டு கட்டவே காணாது. பட்டியலில் சந்தனம், செம்மரம், மலைவேம்போடு அமெரிக்க மரமான மகோகனியும் இருக்கிறது. மர வியாபாரத்தை மனதில் வைத்த பட்டியல் அது. 2021இன் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை 76 லட்சம் பனை விதைகளையும் ஒரு லட்சம் பனங்கன்றுகளையும் 30 மாவட்டங்களுக்கு அறிவித்தது. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்றும் சொன்னது. பனைக்குப் பையும் வேண்டாம், நாற்றங்காலும் வேண்டாம். ஆனால் பாளை விட ஒரு தலைமுறைப் பொறுமை வேண்டும். அதுவரை நிலத்துக்காரருக்கு என்ன என்ற கேள்விக்கு அந்த அறிவிப்பில் விடை இல்லை.

இந்தத் திட்டங்கள் எல்லாமே பட்டாதாரரைத்தான் பார்க்கின்றன. குத்தகைக்கு உழுபவர் மரம் வைக்க மாட்டார். நிழல் விழுந்து விளைச்சல் குறைந்தால் இழப்பு அவருக்கு, மரம் நிலக்கிழாருக்கு. கோடையில் குடம் சுமந்து தண்ணீர் ஊற்றுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். ஊக்கத்தொகை பட்டாவில் பெயர் உள்ளவரின் கணக்குக்குப் போகிறது. ஊரில் யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்பது ஊராட்சிக்குத் தெரியும், சென்னையிலுள்ள அலுவலகத்துக்குத் தெரியாது. மகளிர் குழு மூலம் பராமரிப்புத் தொகையைக் கொடுப்பது ஏன் முடியாது என்று எனக்குப் புரியவில்லை.

வெளிநாட்டில் இரண்டு அனுபவங்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1981இல் தொடங்கிய ‘லேண்ட் ஃபார் வைல்ட்லைஃப்’ என்ற திட்டத்தைத் தென்கிழக்குக் குவின்ஸ்லாந்தில் உள்ளூர் மன்றங்களே நடத்துகின்றன. மன்ற அலுவலர் நிலத்துக்கு வந்து, உரிமையாளரோடு நடந்து, அங்கே என்னென்ன நாட்டுச் செடிகள் தாமாகவே இருக்கின்றன, எவை களை என்று எழுதிக் கொடுக்கிறார். சட்டக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது, எப்போது வேண்டுமானாலும் விலகலாம். கன்றை விட ஆலோசனைக்கு மதிப்பு அதிகம் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் உள்ளூர் மன்றம் தனியார் நிலத்து மரத்தின் மீது பாதுகாப்பு ஆணை போடலாம். அனுமதியின்றி வெட்டினால் தண்டனை. அது எத்தனையோ முதுமரங்களைக் காத்திருக்கிறது. ஆனால் இங்கே அதை அப்படியே கொண்டுவந்தால் சந்தனத்தின் கதைதான் திரும்ப நடக்கும் என்று அஞ்சுகிறேன்.

நகரத்தில் சிக்கல் வேறு. அரை கிரவுண்டு மனையில் ஆல் வைக்கச் சொல்ல முடியாது. பவழமல்லி, மந்தாரை, சரக்கொன்றை, நுணா என்று இடத்துக்கு அடங்கும் மரங்கள் உண்டு. ஆனாலும் பக்கத்து வீட்டு மாடியில் இலை விழுகிறது என்ற சண்டையும், மின்கம்பியில் கிளை உரசும் பயமும், கழிவுநீர்த் தொட்டிக்குள் வேர் போகும் கவலையும் பல மரங்களை முடித்துவிடுகின்றன. இங்கே மக்கள் கேட்பது கன்று அல்ல. கிளையைச் சரியாகக் கழித்துத் தரத் தெரிந்த ஆள் ஒருவர், உதிர்ந்த இலையைக் குப்பையோடு கலக்காமல் வாங்கிப்போக ஒரு வண்டி. இரண்டும் நகராட்சியால் தர முடிந்தவை. 2003இல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது, தனியார் வீட்டுக்குள்ளும் உள்ளாட்சியின் கை எட்டும் என்று கண்டோம். பெயருக்குக் கட்டி, பிறகு மண் மூடிப்போன தொட்டிகளையும் கண்டோம். கட்டட அனுமதிக்காக நட்டுப் படம் எடுத்த மரத்துக்கும் அதே கதிதான் வரும். பராமரிப்புச் சேவையை முதலில் கொடுத்துவிட்டு விதியைப் பிறகு யோசிக்கலாம்.

ஊராட்சிகளுக்குப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது, அந்த நாட்கள் மரத்தின் ஆண்டோடு நன்றாகவே பொருந்துகின்றன. மே 1 கூட்டத்தில், ஆனியில் யார் எந்தத் தோப்பில், எந்தக் கோயில்காட்டில் விதை பொறுக்குவது என்று முடிவு செய்து, அதற்கான சிறு தொகையை அப்போதே ஒதுக்கிவிடலாம். ஆகஸ்ட் 15இல் தன் நிலத்தில் நட விரும்புபவர்கள், எத்தனை, எந்த இனம், எங்கே தண்ணீர் என்று பெயர் கொடுக்கலாம்; பக்கத்து வரப்புக்காரரின் ஆட்சேபமும் அங்கேயே பேசித் தீரும். அக்டோபர் 2இல் கன்றும் பதிவுச் சீட்டும். நவம்பர் 1 வருவதற்குள் செத்தவற்றுக்கு மாற்றுக் கன்று, மழை இன்னும் இருக்கிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். கோடைக்கு முன்பு உயிரோடிருப்பவற்றை எண்ணி, நிலத்தின் சர்வே எண்ணோடு சபையில் படித்து, அந்தக் கோடைக்கான பராமரிப்புத் தொகையை அங்கேயே அறிவிக்கலாம். அடுத்த ஆண்டு மார்ச்சிலும் அதற்கடுத்த மார்ச்சிலும் அதே பட்டியலைப் படிக்க வேண்டும். இனம் வாரியாக எது பிழைத்தது, எது போனது என்று அந்த மூன்று பட்டியல்களும் சொல்லிவிடும். நாலாம் ஆண்டு எந்த விதையைப் பொறுக்குவது என்பதை ஊரே தீர்மானித்துக்கொள்ளும்.